தொலைபேசி நேர்காணலுக்கு ஏற்ற ஒலிப்பதிவுக் கருவி

பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபின் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடியேறிய முதியோரின் நினைவுகளைத் தொலைபேசிவழி பதிவு செய்து வருகிறேன். ஒரு பாட்டி, 1943இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தம் தந்தையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கைப்பேசிச் செயலியிலோ என் கேள்விகள் மட்டுமே பதிவாகியிருந்தன. மீண்டும் அழைப்பதற்குள் பாட்டி காலமானார்.

எனவே, மாணவ நண்பர்களே, வெளி ஒலிவாங்கி பொருத்தும் துளையுள்ள தனி ஒலிப்பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். காதில் செருகும் ஒலிவாங்கியை அதில் இணைத்து, அதே காதில் கைப்பேசியை வைத்துப் பேசினால் இருவர் குரலும் பதியும்.

வழக்கமான தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். ச, ஸ ஒலிகள் மங்கும். தோட்டப் பெயர்களை மறுமுறை கேளுங்கள்.

அனுமதி பெற்று, ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்தபின் தொடங்குங்கள்.