சமூகப் பணி படிக்க: பட்டயமா, இளநிலையா, முதுநிலையா, தொலைநிலையா?

இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியதே பட்டயப் படிப்பாகத்தான். 1936இல் மும்பையில் உருவான சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பள்ளி, பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டாண்டுப் பட்டயம் வழங்கியது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறி, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற பிறகே அங்கு முதுகலைப் பட்டம் வந்தது. அந்தக் காலத்தில் பட்டயம்தான் இத்துறையின் உச்சத் தகுதி. இன்று நிலைமை தலைகீழ். ஆறு மாதம், ஓராண்டு என்று பட்டயங்கள் பெருகிவிட்டன. வேலை தருவோர் கேட்பதோ எம்.எஸ்.டபிள்யூ. என்னும் முதுநிலைப் பட்டத்தை. இந்த மாற்றத்தை அறியாமல், ‘டிப்ளமோ முடித்தால் போதும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

பட்டயம் முற்றிலும் வீண் என்பதல்ல. செவிலியர், ஆசிரியர், தொண்டு நிறுவனத்தில் ஏற்கெனவே பணியாற்றுபவர் போன்றோருக்கு ஆற்றுப்படுத்துதல், முதியோர் பராமரிப்பு, குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒரு பட்டயம் பயன்படும். அது கையில் இருக்கும் தகுதிக்கு மேல் வரும் கூடுதல் தகுதி. அடித்தளமே இல்லாதவருக்கு அதை வைத்து வேலை கேட்பது கடினம்.

பிளஸ் டூ முடித்தவர் முன்னால் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பி.எஸ்.டபிள்யூ. என்னும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படித்து அதன்மேல் எம்.எஸ்.டபிள்யூ. சேர்வது. மற்றொன்று, வேறு ஏதாவது பட்டம் முடித்துவிட்டு நேராக எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு வருவது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பொதுவாக எந்தப் பட்டமும் செல்லும் என்பதால் இரண்டாவது பாதைக்குத் தடை இல்லை. பி.எஸ்.டபிள்யூ. படித்தவருக்குக் களம் பழகியிருக்கும், அறிக்கை எழுதும் கை வந்திருக்கும். ஆனால் முதுநிலையின் முதலாண்டில் தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பாக்கம் என்று படித்த பாடங்களையே பெரும்பாலும் மறுபடி படிக்க நேரும். உளவியல், சமூகவியல், பொருளியல், செவிலியம் படித்துவிட்டு வருபவர் இன்னொரு துறையின் கண்ணையும் கொண்டு வருகிறார். மூன்றாண்டு முடிந்ததும் வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால் பி.எஸ்.டபிள்யூ. சரி. ஐந்தாண்டு படிக்க முடிந்தவருக்கு வேறு பட்டமும் எம்.எஸ்.டபிள்யூ.வும் சேர்ந்த பாதையே மேல்.

நேரடி வகுப்பா, தொலைநிலையா என்ற கேள்விக்கு விடை களப்பணியில் இருக்கிறது. நல்ல கல்லூரி ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. மாணவர் மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ, குடிசைப் பகுதிக்கோ போக வேண்டும். இதற்கு மேல் கிராம முகாம் உண்டு. பருவ இடைவெளியில் ஒரு மாத அளவில் தொடர் களப்பணியும் உண்டு. ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுதி, மேற்பார்வை ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் படிப்பில் தொழில் பிடிபடுவது அங்கேதான். அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் இருக்கும் முதலாண்டு மாணவி ஒருவர், மாத்திரை வாங்க வராமல் நின்றுவிட்ட நோயாளியைப் பற்றி ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு வருவார். ஆசிரியர் அந்தச் சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் கேள்விகளை எழுதுவார்: வீட்டிலிருந்து பேருந்துக் கட்டணம் எவ்வளவு, வரும் நாளில் கூலி போகிறதா, நோய் இன்னதென்று வீட்டில் சொல்லியிருக்கிறாரா? மறுவாரம் மாணவி இந்தக் கேள்விகளோடு போவார். இந்தத் திருத்தம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம். குறைந்தது இரண்டாண்டில் முடிக்கலாம், நான்காண்டு வரை அவகாசம் உண்டு. பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளன. ஊதியத்தை விட முடியாதவர், ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் இருப்பவர், சிறு குழந்தையை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி கிடைப்பது அரிது. ஆனால் வாராவாரம் உட்கார்ந்து அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிடும் ஆசிரியர் அங்கே கிடைப்பது படிப்பு மையத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. முழுநேரம் படிக்க வசதியுள்ள இருபத்தொரு வயதுக்காரர் சுலபம் கருதித் தொலைநிலையில் சேர்வது நட்டம். வெளிநாட்டில் பணிபுரியும் எண்ணமுள்ளவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தகுதியை மதிப்பிடுவோர் மேற்பார்வையுள்ள களப்பணிக்குச் சான்று கேட்பார்கள்.

சேர்ந்த பிறகு வருவது சிறப்புப் பிரிவு. தமிழகக் கல்லூரிகளில் பரவலாக இருப்பவை சமுதாய மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், மனிதவள மேலாண்மை ஆகிய மூன்று. சில இடங்களில் குடும்பம் மற்றும் குழந்தை நலம் தனிப் பிரிவாக உண்டு.

மூன்றில் சம்பளம் சீக்கிரம் தருவது மனிதவளம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது; 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் எம்.பி.ஏ. படித்தவரோடு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரும் இந்த வேலைகளுக்குப் போட்டியிடுகிறார். சமூகப் பணியின் நோக்கத்திலிருந்து இப்பிரிவு விலகிவிட்டது என்ற குறை பழையது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆலையில் தொழிலாளி பக்கம் நிற்பதா, நிர்வாகத்தின் பக்கம் நிற்பதா என்ற இழுபறியைத் தாங்கத் தெரிந்தவரே இதற்கு ஏற்றவர்.

மருத்துவ, மனநலப் பிரிவில் கவனமாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநலச் சமூகப் பணியாளர் என்பவர் சமூகப் பணியில் முதுநிலைப் பட்டத்தோடு, மேற்பார்வையுள்ள மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர். எம்.எஸ்.டபிள்யூ.வில் இப்பிரிவை எடுத்ததாலேயே அந்தப் பெயர் வந்துவிடாது. பெங்களூரு நிமான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற சில இடங்களில் இருக்கும் எம்.ஃபில். இடங்களும் மிகக் குறைவு. இதற்கிடையில் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டு, இத்துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் 2025-26 வரை விலக்கு அளித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் விதி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இந்தப் பாதையில் இறங்கக் கூடாது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருப்பது இப்பிரிவுக்கு நல்ல செய்தி.

சமுதாய மேம்பாட்டுப் பிரிவுக்காரருக்குத் தொண்டு நிறுவனங்களும், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு போன்ற அரசுத் திட்டங்களும் வேலை தருகின்றன. திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் அமைபவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதைப் படிக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றதால், அந்தப் பணத்தை நிர்வகிக்கும் பணிகள் புதிதாகக் கிளைத்துள்ளன. அங்கே கணக்கும் ஆங்கில அறிக்கையும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுதல்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் ஒதுக்கிவிட்டு, துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. களப்பணிக்கு எந்தெந்த அமைப்புகளுக்கு மாணவரை அனுப்புகிறார்கள், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை பேர், கேட்கும் சிறப்புப் பிரிவு உறுதியாகக் கிடைக்குமா? சில இடங்களில் போதிய மாணவர் சேராத பிரிவை அந்த ஆண்டு நடத்தாமலே விட்டுவிடுவார்கள். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் எழுந்த சென்னை சமூகப் பணிப் பள்ளி போன்ற பழைய நிறுவனங்களுக்கு உள்ள பெரிய பலம் முன்னாள் மாணவர்கள். களப்பணி இடமும் முதல் வேலையும் பல நேரம் அவர்கள் வழியாகவே வருகின்றன.

கட்டணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவும் இருக்கக்கூடும். பாடத்திட்டமும் பட்டமும் ஒன்றாக இருந்தும் கட்டணம் பல மடங்கு வேறுபடலாம். எம்.எஸ்.டபிள்யூ. எந்தப் பிரிவில் நடக்கிறது என்பதை விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். களப்பணிக்குப் போய்வரும் செலவு இந்தக் கட்டணத்தில் சேராது. நான்கு பருவத்துக்கும் அதை மாணவரே ஏற்க வேண்டியிருக்கும்.