ரம்பம் வாங்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, புது வீட்டுக்குக் குடிவந்ததோடு ஒரு மாமரம், சுவரோரம் ஒரு முருங்கை, வாசலில் ஒரு வேம்பு மூன்றும் உன் பொறுப்பில் வந்துவிட்டன. கிளைகள் மாடியில் உரசுகின்றன, நீளக்கம்பு ரம்பம் ஒன்று வாங்க வேண்டும் என்கிறாய். வாங்கு. கடைக்குப் போகும் முன் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போ.

1. முதலில் மரத்தைப் பார். வெட்ட வேண்டிய கிளை எவ்வளவு உயரம், எவ்வளவு கனம் என்று தெரியாமல் ரம்பம் வாங்காதே. என் அப்பா நினைத்தவுடன் வெட்டமாட்டார். வேண்டாம் என்று தோன்றும் கிளையில் ஒரு துண்டுக் கயிறு கட்டிவிட்டு, இரண்டு நாள் காலையும் மாலையும் மரத்தைச் சுற்றி வருவார். மூன்றாம் நாளும் அதே எண்ணம் இருந்தால்தான் கையில் வாள். பாதிக் கயிறுகளை அவரே அவிழ்த்துவிடுவார். நீயும் அப்படிச் செய்து பார். முருங்கைக்குப் பழைய தொரட்டியே போதும் என்பது அப்போது புரியும். மாமரத்துக்கும் வேம்புக்கும்தான் ரம்பம் தேவைப்படும். மணிக்கட்டு கனத்துக்கு உட்பட்ட கிளை என்றால் கையால் இழுக்கும் ரம்பமே போதும்.

2. கம்பு எதனால் ஆனது என்று கேட்காமல் பணம் கொடுக்காதே. கடையில் பளபளவென்று தொங்குவது பெரும்பாலும் அலுமினியம். எடை குறைவு, ஆனால் மின்சாரம் தங்குதடையின்றிப் பாயும். எங்கள் ஊரில் முருங்கைக்காய் பறிக்க இரும்புக் கம்பை நீட்டிய ஒருவர், இலைக்குள் மறைந்திருந்த மின்கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். காய் பறிக்கும் வேலைதானே என்று அன்று யாரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. உலோகக் கம்பைவிட ஃபைபர் கிளாஸ் கம்பு நல்லது. ஆனால் ஈரமும் அழுக்கும் படிந்தால் அதையும் நம்ப முடியாது, பச்சை மூங்கிலும் அப்படித்தான். எந்தக் கம்பாக இருந்தாலும் மின்கம்பிக்குப் பத்தடிக்குள் கொண்டுபோகாதே. தெருவில் போவது 11 ஆயிரம் வோல்ட் கம்பி என்றால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். வெட்டிய கிளை கம்பிமேல் சாயும் என்றாலும் அது உன் வேலை இல்லை. மின்வாரியத்தில் எழுதிக் கொடு, அவர்கள் வரும்வரை காத்திரு. காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் மரத்தடிக்கே போகக்கூடாது.

3. கடையிலேயே கம்பை முழு நீளத்துக்கு இழுத்து, தலைக்கு மேல் பிடித்துப் பார். மடக்கி வைத்திருக்கும்போது எல்லாக் கம்பும் லேசாகத்தான் இருக்கும். நீட்டிய பிறகு நுனியில் இருக்கும் எடை தோளைப் பிடித்து இழுக்கும். பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பம் என்றால் எல்லாம் சேர்ந்து நாலைந்து கிலோ வரும், அதற்குச் சங்கிலி எண்ணெயும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்கிற வீட்டுக்கு அது எதற்கு? பூட்டு இறுக்கமாக விழுகிறதா என்று பார், கம்பைத் திருகிப் பார். நீளம் அதிகமாக இருப்பதே பெருமை என்று வாங்கிவிடாதே, வளையும் கம்பில் வெட்டு நேராக விழாது.

4. கைரம்பம் என்றால் வளைந்த அலகு உள்ளதாகப் பார்த்து எடு. பற்கள் இழுக்கும்போது வெட்ட வேண்டும், தள்ளும்போது அல்ல. நுனியில் சின்னக் கொக்கி இருந்தால் அலகு கிளையைவிட்டு நழுவாது. இழு, விடு, இழு. அவசரப்பட்டு அழுத்தினால் அலகு சிக்கிக்கொள்ளும்.

5. ஒரே வெட்டில் கிளையை இறக்காதே. இறக்கினால் கிளை தன் கனத்தில் முறிந்து, தாய்மரத்தின் பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து கால்வாசி அறு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடு. மிஞ்சிய துண்டை மூன்றாவது வெட்டில் எடு. எங்கே எடுப்பது? கிளை அடிமரத்தில் சேரும் இடத்தைக் கிட்டப்போய்ப் பார்: சுருக்கம் விழுந்த பட்டையோடு, கழுத்து மடிப்பு போல ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அறு. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுவாக்கில் பிளந்து பார்த்தவர். மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். அந்தத் தடுப்பு எழும்புவது புடைப்பிலிருந்துதான். மரத்தோடு மரமாக வழித்து அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில வருஷத்தில் அந்த இடம் பொந்தாகிவிடும்.

6. பயத்தில் வெட்டாதே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, எங்கள் தெருவில் பிழைத்து நின்ற மரங்களையும் உச்சியை வெட்டி மொட்டையடித்தார்கள். அந்த மொட்டைகளில் கொத்துக் கொத்தாகப் போத்து கிளம்பியது. அவை அடிமரத்தில் ஆழமாக ஊன்றாத கிளைகள், அடுத்த பெருங்காற்றில் முதலில் ஒடிந்தவை அவைதான். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, சுவரில் இடிப்பது என்று மட்டும் எடு. ஒரு வருஷத்தில் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதே. மாமரத்துக்குக் காய் ஓய்ந்ததும் ஆடி வாக்கில் செய்துவிடு. ஐப்பசி, கார்த்திகை என்று தள்ளிப்போட்டால் பூக்க வேண்டிய நுனிகளே போய்விடும். மாம்பால் கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி போட்டுக்கொள்.

7. வெட்டும் முன் இலைகளுக்குள் பார். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை விட்டுவிடு. மாமர இலைகளை ஒட்டித் தைத்தாற்போல உருண்டை தொங்கினால் அது முசுறு எறும்பு. கம்பு வழியாகவே உன் கைக்கு இறங்கி வரும்.

8. கம்பு ரம்பத்தோடு ஏணியில் ஏறாதே. இது தரையில் காலூன்றி நிற்பதற்காகவே செய்த கருவி. கிளைக்கு நேர்கீழே நிற்காமல் கம்பைச் சாய்த்துப் பிடி, பின்னால் விலகி ஓட வழி வைத்துக்கொள், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடு. எட்டவில்லை என்றால் மரம் ஏறுகிறவரைக் கூப்பிடு. அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதே, அவர் உயிரைக் கிளையில் வைத்து ஏறுகிறார். இடுப்புக் கயிறு இல்லாமல் வந்தால் நீயே வாங்கிக் கொடு. எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள். அவர் மேலே இருக்கும்போது கீழே நின்று, இன்னும் ஒரு கிளை, அதோ அந்த நுனிக்கிளை என்று கூவிக்கொண்டிருக்காதே.