பி.டி. மாஸ்டர் ஆக விரும்பும் காட்டுப்பள்ளி பிள்ளைகளுக்கு

பள்ளியில் வாங்கிய மாவட்ட, மண்டலப் போட்டிச் சான்றிதழ்களை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 2 ஆண்டு பி.பி.எட். படிப்பில் சேர, பட்டப்படிப்பில் பொதுவாக 50 சதவீத மதிப்பெண்ணோடு அவற்றையும் கேட்பார்கள். உடற்தகுதித் தேர்வும் உண்டு. கடற்கரை மணலில் ஓடுவது நல்லதுதான். ஆனால் ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றையும் முறையாகப் பழகுங்கள்.

1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழகம் தொலைவு. விடுதியில் தங்குவதே சரி.

மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு எம்.பி.எட். தேவை. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் என்.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.