அம்மா ஏன் எரிந்து விழுகிறார்?

அம்மா கொழுந்து பறிக்கிறார். சில வருடங்களாகக் கழுத்திலும் முதுகிலும் தீராத வலி. முன்பு லயத்தையே சிரிக்க வைத்தவர், இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வலி ஒருவரின் குணத்தையே மாற்றிவிடுமா?
– வாசகி, றொசல்ல

குணம் எங்கும் போகவில்லை, தங்கச்சி. வலி அதை மூடி வைத்திருக்கிறது.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், பொறுமை குறையும். விடிந்ததும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கிலோக் கணக்கை நிரப்ப மலையேறுகிறவருக்குச் சிரிக்கத் தெம்பு எங்கே மிஞ்சும்?

1997இல் ஆஸ்திரேலியாவில், விபத்துக்குப் பின் கழுத்து வலி தீராத 17 பேரை ஆராய்ந்தார்கள். சிகிச்சையில் வலி முழுதாக நீங்கியவர்களுக்கு, மனநலச் சிகிச்சை இல்லாமலேயே மன உளைச்சலும் நீங்கியது.

அம்மாவை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வலியோடு, இரவில் எத்தனை தடவை விழிக்கிறார் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தால், 'பைத்திய மாத்திரை' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான அந்த மருந்தைச் சிறிய அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். கை மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பீலியில் தண்ணீர் எடுப்பதையும் விறகு தூக்குவதையும் வீட்டு ஆண்கள் ஏற்கட்டும். அவர் கத்தும்போது, "ஏன் கத்துறீங்க" என்னாமல், "இன்னைக்கு வலி எப்படிம்மா இருக்கு" என்று கேளுங்கள்.