கனத்த உடம்புக்காரர் ஓடுவதற்கு எந்தச் சப்பாத்து?



இனிப்புநீர் வியாதியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதும்போதெல்லாம், "தினமும் நடங்கள், முடிந்தவர்கள் மெதுவாக ஓடுங்கள்" என்று நான் முடிப்பது வழக்கம். அதைப் படித்த ஒரு அம்மா மருந்து வாங்க வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஓடு ஓடுன்னு எழுதிட்டீங்க டிரசர் ஐயா. எம்மவன் நூறு கிலோ இருக்கான். எதைப் போட்டுக்கிட்டு ஓடுவான்னு எழுதலையே?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அதே கோளாறு என் வீட்டிலேயே நடந்திருந்தது.

என் தங்கை குடும்பம் கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அவள் மகனுக்கு வயது 31. பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வேலை. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 98 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 34 வரும். நம் ஆசியக்காரர் உடம்புக்கு இந்தக் கணக்கு 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்றும், 27.5-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் எடுத்துக்கொள்கிறோம். இரத்தத்தில் இனிப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவன் அப்பாவுக்கு இதே வியாதியில் கால் விரல் போனது. அதைக் கண்ணால் பார்த்தவன் ஆதலால் பையன் பயந்துபோய் ஓடக் கிளம்பினான். மறுநாளே கடைக்குப் போய் மெத்துமெத்தென்று ஒரு சப்பாத்து வாங்கி, பினாங்குப் பாலத்துக்கு வடக்கே ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் பெர்சியாரான் கர்ப்பால் சிங் கடற்கரைச் சாலையில் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினான்.

மூன்று வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. "மாமா, காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்க முடியல. குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு."

"சப்பாத்தை எடுத்து வை, ஞாயிற்றுக்கிழமை வரேன்" என்றேன்.

போய்ப் பார்த்தால், வாங்கி ஒரு மாதம் ஆகாத சப்பாத்து உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. குதிகால் பக்கத்து நுரையில் கோடு கோடாகச் சுருக்கம். மேல்துணி சுண்டுவிரல் பக்கம் பிதுங்கியிருக்கிறது. "கடைக்காரர் மெத்தை மாதிரி இருக்கும், கனமான ஆளுக்கு இதுதான் நல்லதுன்னு சொன்னாரு மாமா" என்றான். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கனமான ஆளுக்கு மெத்தையான சப்பாத்து என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அப்படி இல்லை.

ஒரு காலில் எத்தனை பாரம்?

நடக்கும்போது எப்பொழுதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஆகையால் காலில் இறங்கும் பாரம் நம் எடையைவிடச் சற்றுத்தான் கூடும். ஓடும்போது இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டுவிடுகின்றன. பிறகு உடம்பு முழுவதும் ஒரே காலில் வந்து இறங்குகிறது. அப்பொழுது அந்தக் கால் தாங்குவது எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. நூறு கிலோ ஆளுக்கு ஒவ்வொரு அடிக்கும் 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலையும் ஏறக்குறைய 600 தடவை வைப்பார். கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டரில் ஒரு காலுக்கு 150 டன்! பத்து டன் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பதினைந்தின் பாரம். நம் பையன் முதல் நாளே அதை ஐந்தால் பெருக்கிவிட்டான்.

இந்தப் பாரம் இறங்கும் இடத்தில் சப்பாத்தின் நடு அடிப்பாகம் இருக்கிறது. இப்போதைய ஓட்டச் சப்பாத்துகளில் அது பெரும்பாலும் நுரைப் பொருள். கோடிக்கணக்கான குட்டிக் குமிழ்களில் காற்று அடைபட்டிருக்கிறது. மிதித்தால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். அறுபது கிலோ ஆள் மிதிக்கும்போது அது பாதிவரை அமுங்கி வேலை செய்கிறது. நூறு கிலோ ஆள் மிதித்தால், மிக மென்மையான நுரை அடிவரை போய் முட்டிவிடும். அதற்குமேல் அது மெத்தை அல்ல, பலகைதான். அது மட்டுமா? மென்மையான உயரமான நுரை ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும். பழைய மெத்தையில் ஓரமாக உட்கார்ந்தால் சரிகிறோமே, அதுபோல. கணுக்காலும் பாதத்து நரம்புகளும் ஒவ்வொரு அடியிலும் அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தப் போராடும்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. லக்சம்பர்க் நாட்டில் 848 பேருக்கு வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் சப்பாத்துகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு உள்ளே மென்மை, சிலருக்குக் கடினம். யாருக்கு எது என்று ஓடியவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கவனித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் கடினமான சப்பாத்து போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். ஆனால் எடை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மென்மையின் நன்மை எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. எடை கூடியவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. யாரை மனதில் வைத்து மெத்தைச் சப்பாத்து விற்கிறார்களோ அவர்களுக்கே அது உறுதியான பாதுகாப்பு அல்ல என்று ஆகிறது. அதற்காகப் பலகையைக் கட்டிக்கொண்டு ஓடலாம் என்று நான் சொல்லவில்லை. நடுத்தரமான உறுதி வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் அகலம். நம்மில் பலர் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். எடை கூடியவரின் பாதம் நிற்கும்போது விரியும், நீளவும் செய்யும். ஆகவே உட்கார்ந்துகொண்டு அளவு கொடுக்காதீர்கள். எழுந்து, முழுப் பாரமும் காலில் இருக்க நிற்க வேண்டும். பெருவிரலோ இரண்டாம் விரலோ, எது நீளமோ அதற்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சாயங்காலத்தில் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே காலுறையைக் கொண்டு போங்கள். இரண்டு காலும் எல்லோருக்கும் சமமாக இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் அளவு.

சில கம்பெனிகள் ஒரே நீளத்தில் பல அகலம் செய்கின்றன. ஆண்கள் சப்பாத்துப் பெட்டியில் 'இரண்டு ஈ', 'நான்கு ஈ' என்று ஆங்கில எழுத்தில் குறித்திருப்பது அதுதான். நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஆசிக்ஸ் மூன்றிலும் இது உண்டு. கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால்தான் வரும். அகலம் கிடைக்கவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் குதிகால் உள்ளே ஆடும், கொப்புளம் வரும். பெண்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் சிலிப்பரோடும் நிரையில் நடந்த நம் அம்மாமாரின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். பெண்கள் சப்பாத்து அளவில் குறுகல். ஆண்கள் சப்பாத்து இயல்பாகவே அகலம் கூடியது. அதை வாங்கிப் போட்டால் என்ன குற்றம்? நிறத்தை யார் பார்க்கப்போகிறார்கள்!

அடுத்து, கையால் சோதியுங்கள். குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினால் சுலபமாக நசுங்கக் கூடாது. சப்பாத்தின் இரு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல் முறுக்கினால் முழுதாகச் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். தரைமேல் வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள். அடிப்பாகம் அகலமாக, நேராக நிற்கிறதா? உள்ளே போடும் மெல்லிய அட்டையை எடுத்துவிட்டு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கி உடனே எழும்பினால் நல்லது. 'மெமரி ஃபோம்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். கடையில் இரண்டு நிமிடம் நிற்கும்போது கிடைக்கும் சுகம் அது.

பாதத்தை நனைத்துத் தரையில் பதித்து, அந்த வடிவத்துக்கு ஏற்ற சப்பாத்து வாங்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க இராணுவத்திலும் விமானப்படையிலும் மரைன் படையிலும் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பாத வடிவத்தைப் பார்த்துக் கொடுத்ததால் காயம் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே அந்தச் சோதனைக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டு நடந்து, கடைக்குள் நாலு சுற்று மெதுவாக ஓடிப் பார்த்து, எங்கும் உறுத்தாமல் இருப்பதே நல்ல அடையாளம். "போகப் போகச் சரியாயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் காலில் போட்டுக்கொள்ளட்டும்.

மலிவு விலையில் பெட்டியோடு கிடக்கும் பழைய சரக்கிலும் கவனம் வேண்டும். பாலியுரித்தேன் என்ற பொருளால் செய்த அடிப்பாகம் நம் நாட்டு ஈரக் காற்றில், போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் தானாக உதிரும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு சப்பாத்தை நான் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டப வாசலில் அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேல்பாகத்தோடு மட்டும் உள்ளே போனவன். பாசார் மாலாமில் பெரிய கம்பெனி முத்திரையோடு கிடைக்கும் போலிச் சரக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் கறுப்பு ரப்பர் சப்பாத்து

"பால் வெட்டும்போது போடுவோமே, அந்த ரப்பர் சப்பாத்து போதாதா?" என்று தோட்டத்தில் கேட்பார்கள். மலாய்க்காரர்கள் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கும் அதே சப்பாத்துதான். நல்ல சப்பாத்து, குறை சொல்ல மாட்டேன். சேற்றில் வழுக்காது, தண்ணீர் நிற்காது, மலை ஏறுகிறவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அது மண்ணுக்குச் செய்தது. தார் ரோட்டில் நூறு கிலோவோடு ஓடுவதற்கு அதில் தாங்கும் பாகமே இல்லை. உள்ளே வேர்த்துத் தோல் ஊறிப்போகும். 1960-ல் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி வென்றது உண்மை. அவர் கொடி போன்ற உடம்பு, சின்ன வயது முதல் பழகிய கால். அவரே 1964-ல் தோக்கியோவில் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வென்றார்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது வேறு கதை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சப்பாத்து கடிப்பதே தெரியாது. என் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது அதுதான். இறுக்கமான சப்பாத்து, சுண்டுவிரலில் ஒரு சிறு புண், வலி இல்லை என்று விட்டுவிட்டார். ஆகவே போடுமுன் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியதும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். புதுச் சப்பாத்தை முதல் வாரம் வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடப்பவர்களில் இந்த வியாதி உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சூடான தார் பட்ட கொப்புளத்தைப் பலர் மறுநாள்தான் பார்க்கிறார்கள்.

பையன் கதைக்கு வருகிறேன். சப்பாத்து மட்டும் குற்றவாளி அல்ல. முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடியது பாதிக் குற்றம். மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிள் மிதிக்கச் சொன்னேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து பாதத்தை நீட்டுவது, படிக்கட்டில் நின்று கெண்டைக்காலை நீட்டுவது, இரண்டையும் தினமும் செய்தான். வலி தணிந்ததும் நாலு அகலம் போட்டுப் பார்த்து, உறுதியான அடிப்பாகம் உள்ள ஒன்றை வாங்கினோம். முந்தியதைவிட விலை நாற்பது வெள்ளிதான் கூட. நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. அதற்குமுன் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் இருதயமும் பார்த்தோம். நாற்பது தாண்டியவர்களும், இனிப்பு, அழுத்தம் உள்ளவர்களும் இதைத் தவறவிடக் கூடாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். முன்காலில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம், சப்பாத்து மாற்றி ஓடிப் பார்க்கக் கூடாது.

ஒரு சப்பாத்து 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். கனமான ஆளுக்கு அதற்கு முன்பே நுரை செத்துவிடும். மேலே புதிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வாங்கிய தேதியை நாக்குத் துணியின் உள்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள். மழையில் நனைந்தால் பழைய பேப்பரை உள்ளே திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலிலும் காரின் பின்கண்ணாடிக்குக் கீழும் வைத்தால் பசை விட்டுப்போகும்.

இப்பொழுது பையன் 91 கிலோ. பாலத்தில் நடக்கும் மாரத்தானில் பத்துக் கிலோமீட்டர் பிரிவுக்குப் பேர் கொடுக்கப்போவதாகச் சொன்னான். "நடந்துக்கிட்டும் ஓடிக்கிட்டும்தானே போவே?" என்றேன். "ஆமா மாமா, கடைசியா வந்தாலும் பரவாயில்ல" என்றான். பழைய மெத்தைச் சப்பாத்தைத் தங்கை மீன் மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். அவள் 52 கிலோ. அவளுக்கு அது சுகமாகத்தான் இருக்கிறதாம்.