வால்வைத் திருகுமுன் பல்பைப் பாருங்கள்

பால் ஆலை, சாயப்பட்டறை, பெரிய ஓட்டலின் லாண்டரி என்று ஸ்டீம் ஓடும் எந்த இடத்தில் மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போனாலும் நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள்: “கரண்ட் போனால் வெந்நீர்த் தொட்டியின் டெம்பரேச்சர் வால்வு என்ன ஆகும்?” மூடிக்கொள்ளும் என்பார்கள் சிலர், திறந்துகொள்ளும் என்பார்கள் சிலர். அது செல்ஃப் ஆக்டிங் வால்வாக இருந்தால் இரண்டு பதிலும் தப்பு. வால்வு பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதற்குக் கரண்டும் வேண்டாம், கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம்.

தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்கும் உலோக பல்பு, அதிலிருந்து வால்வு வரை ஓடும் மெல்லிய கேபிலரிக் குழாய், வால்வின் மேல் உட்காரும் ஆக்சுவேட்டர். மூன்றும் சேர்ந்து சீல் வைத்த ஒரே அறை, உள்ளே திரவம். தண்ணீர் சூடாக ஆகத் திரவம் விரிகிறது, ஆக்சுவேட்டரின் தண்டைத் தள்ளுகிறது, தண்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு ஸ்டீமை அடைக்கிறது. தண்ணீர் ஆறினால் திரவம் சுருங்கும், ஸ்பிரிங் வால்வைத் திறந்துவிடும். குளிர்விக்கும் லைனில் இதற்கு நேர் எதிர்: சூடேறினால் திறக்கிற வால்வு. சில தயாரிப்புகளில் தண்டைத் தள்ளுவது மடிப்பு மடிப்பான உலோக பெல்லோஸ். தையலில்லாத பெல்லோஸை 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் வானிலைத் துறையில் இருந்த வெஸ்டன் ஃபுல்டன். இதை யாரும் நேர்முகத் தேர்வில் கேட்க மாட்டார்கள், தெரிந்திருந்தால் நஷ்டமில்லை.

வேலையில் சேர்ந்ததும் வரும் முதல் புகார் இது: “70 டிகிரி வைத்தால் 67-தான் நிற்கிறது.” வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வால்வு முழுசாகத் திறக்க வேண்டுமென்றால் தண்ணீர் செட்டிங்கைவிடச் சில டிகிரி இறங்கியே ஆக வேண்டும். அப்போதுதான் திரவம் அவ்வளவுக்குச் சுருங்கும். வெந்நீர் நிறையப் போகும் நேரத்தில் வால்வு நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஆகவே தண்ணீர் சற்றுக் கீழேயே நிற்கும். அது இதன் பிறவிக் குணம். காலை ஷிஃப்ட் ஆள் 67-ஐப் பார்த்துக் குமிழை ஏற்றிவிடுவார். ராத்திரி வெந்நீர் எடுக்க ஆளில்லை, தண்ணீர் 73-ஐத் தாண்டும், அந்த ஷிஃப்ட் ஆள் இறக்கிவைப்பார். மறுநாள் காலையில் சண்டை. வழக்கமான லோடு ஓடும்போது ஒரே ஒரு முறை, தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் செட் செய்யுங்கள். லாக் புக்கில் எழுதுங்கள். அப்புறம் குமிழைத் தொட விடாதீர்கள்.

சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் உண்மையான ஆபத்து. முதலில் பைபாஸைப் பாருங்கள். போன ரிப்பேரில் திறந்து அரைகுறையாக மூடியிருப்பார்கள், ஸ்டீம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது பல்பு. தொட்டி கழுவ வந்தவர் அதை உருவி வெளியே தொங்கவிட்டிருந்தால், பாவம், வால்வுக்குத் தெரிவது ஆலைக் காற்றின் 30 டிகிரிதான். தண்ணீர் கொதித்தாலும் ஸ்டீமை முழு வேகத்தில் விடும். தொட்டியில் தண்ணீர் குறைந்து பல்பு பாதி வெளியே நின்றாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இரண்டும் சரியாக இருந்தால் ஸ்டீமை ஐசொலேட் செய்து, பிரஷரை வடித்து, ஆக்சுவேட்டரைக் கழற்றுங்கள். ஒரு வாளியில் செட்டிங்கைவிடச் சற்றே சூடான வெந்நீர். பல்பை முழுசாக அமிழ்த்திக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்; இது நிதானமான சாமான். தண்டு வெளியே நகர்ந்தால் ஆக்சுவேட்டர் நல்லது, சீட்டில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. அசையவே இல்லையென்றால் திரவம் கசிந்துவிட்டது. கேபிலரி எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திரவம் போன ஹீட்டிங் வால்வு பெரும்பாலும் திறந்தபடியே நிற்கும். நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வி இதுதான். இந்த வால்வை நம்பி மட்டும் தொட்டியை விடாமல், சூடு எல்லை தாண்டினால் ஸ்டீமை வெட்டத் தனியாக ஒரு ஹை லிமிட் கட்-அவுட் வேண்டும் என்று அங்கேயே சொல்லுங்கள்.

சூடே ஏறவில்லை என்றால் வால்வுக்கு முன்னாலிருக்கும் ஸ்ட்ரெய்னரையும் தொட்டிக்குள் ஸ்டீம் ஓடும் காயிலுக்குப் பின்னாலிருக்கும் ஸ்டீம் ட்ராப்பையும் பாருங்கள். ஸ்டீம் ஆறிய தண்ணீர் (கண்டன்சேட்) தேங்கிய காயிலில் எந்த வால்வாலும் சூடேற்ற முடியாது. வால்வு லேசாகத் திறந்திருக்கும்போது காயிலில் பிரஷர் விழும். கண்டன்சேட் லைன் மேலே ஏறிப் போவதாக இருந்தால் கண்டன்சேட்டைத் தள்ளப் பிரஷர் போதாது, அது காயிலிலேயே நிற்கும்.

நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று ஏற்ற வேண்டிய சாயமேற்றும் மெஷினுக்கு இந்த வால்வு ஆகாது; அங்கே பி.எல்.சி.தான். புது வால்வுக்கு இன்டென்ட் போடும்போது பைப் சைஸை எழுதி அனுப்புவது பழைய வழக்கம், கெட்ட வழக்கம். ஸ்டீம் பிரஷர், மணிக்கு எத்தனை கிலோ ஸ்டீம், வேண்டிய டிகிரி, கேபிலரியின் நீளம் நான்கையும் எழுதுங்கள். தேவைக்கு மீறிய பெரிய வால்வு எப்போதும் மயிரிழை திறப்பில் நின்று ஸ்டீமால் தன் சீட்டையே அரித்துக்கொள்ளும்.