விடை வரவில்லை, வேலை நடந்ததா?

தேர்வுக்கு வலைத்தளம் மூலம் விண்ணப்பிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். விவரங்களை நிரப்பி, 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துகிறாள். 'பதிவாகிவிட்டது' என்று திரையில் வருகிறது. நிம்மதியாக எழுந்து போகிறாள். ஆனால் தரவுத்தளத்தில் அவளுடைய விண்ணப்பம் இல்லை! இப்படி நேர முடியுமா? முடியும். அது எப்படி நேர்கிறது, எவ்வாறு தடுப்பது என்று காண்போம்.

மூன்று கட்டங்கள்

வலைப்பக்கத்தின் பின்னால் ஒரு நிரல் பணிபுரிகிறது. அது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது என்றும், விண்ணப்பங்கள் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன என்றும் கொள்வோம். நிரல் முதலில் தரவுத்தளத்துடன் இணைப்பை ஏற்படுத்துகிறது. அடுத்து, 'இதைச் சேமி' என்று கட்டளை அனுப்புகிறது. இறுதியில் விடையைப் பெறுகிறது. இம்மூன்று கட்டங்களில் எதிலும் பிழை நேரலாம்.

ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் எண் உண்டு. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாவிட்டால் 1045. ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படும் இணைப்புகள் நிரம்பிவிட்டால் 1040. (இந்த வரம்பை நாம் மாற்றாதவரை அது 151 ஆகும்.) ஒருமுறைதான் வரலாம் என்று விதிக்கப்பட்ட மதிப்பு மறுபடி வந்தால் 1062. கட்டளை அனுப்பியபின் விடை வருமுன் இணைப்பு அறுந்தால் 2013.

மௌனப் பிழை

பி.எச்.பி. நிரல்கள் தரவுத்தளத்துடன் பேசப் பயன்படும் கருவிகளுள் ஒன்று பி.டி.ஓ. என்பது. 2020-இல் பி.எச்.பி. 8.0 வெளிவரும் வரையில், இதில் ஒரு கட்டளை தோற்றால் நிரல் நிற்காது. 'பொய்' என்ற மதிப்பு மட்டும் திரும்பிவரும். நிரலை எழுதியவர் அதைச் சோதிக்காவிட்டால், அடுத்த வரியான 'பதிவாகிவிட்டது' திரைக்குப் போய்விடும். நம் மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

8.0 பதிப்பிலிருந்து, நாமாக மாற்றாவிட்டால், பிழை நேர்ந்த இடத்திலேயே 'எக்ஸப்ஷன்' எழுகிறது. அதைக் கையாள ஏற்பாடு இல்லையெனில் நிரல் அங்கேயே நின்றுவிடும். இதை வீட்டிலுள்ள மின்னுருகிக்கு ஒப்பிடலாம். மின்னோட்டம் மிகும்போது மின்னுருகி உருகிச் சுற்றைத் துண்டிப்பது தொல்லையன்று, பாதுகாப்பு. ஆனால் சிலர் எக்ஸப்ஷனைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அது மின்னுருகியின் இடத்தில் தடித்த செம்புக் கம்பியை மாட்டுவதற்குச் சமம்!

தடம் எழுதுதல்

பிழை நேர்ந்ததை அறிந்தால் போதாது. எங்கே நேர்ந்தது என்றும் அறிய வேண்டும். ஆய்வகத்தில் ஒவ்வோர் அளவீட்டையும் உடனுக்குடன் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, நிரலும் ஒவ்வொரு படியையும் நேரத்துடன் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

வேண்டுகோள் 4071: 10.15.02.120 – இணைப்பு கேட்டது
வேண்டுகோள் 4071: 10.15.02.125 – இணைப்பு கிடைத்தது
வேண்டுகோள் 4071: 10.15.02.126 – கட்டளை அனுப்பியது
வேண்டுகோள் 4071: 10.15.05.326 – விடை வந்தது

கழித்துப் பாருங்கள். இணைப்புக்கு ஆனது 0.005 விநாடி, கட்டளைக்கு 3.200 விநாடி. தாமதத்திற்குக் காரணம் இணைப்பு அன்று என்பது தெளிவாகிறது. பலர் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கும்போது பதிவேட்டில் வரிகள் கலந்துவிடும். அவற்றைப் பிரித்தறியவே ஒவ்வொரு வரியிலும் வேண்டுகோள் எண் இருக்கிறது.

பதிவேட்டில் கடவுச்சொல்லை ஒருபோதும் எழுதலாகாது. பிழையின் முழு விவரத்தையும் திரையில் காட்டுவதும் தவறு. 1045-க்குரிய செய்தியில் தரவுத்தளப் பயனரின் பெயரே இருக்கும்; தீய நோக்கமுடையவருக்கு அது உதவியாகிவிடும். 'விண்ணப்பம் பதிவானதை உறுதிசெய்ய முடியவில்லை. வேண்டுகோள் எண் 4071' என்று காட்டினால் போதும். அந்த எண்ணைக் கொண்டு பொறுப்பாளர் பதிவேட்டில் தேடிக்கொள்வார்.

இரண்டல்ல, மூன்று

2013 வந்தால் என்ன பொருள்? 'விண்ணப்பம் பதிவாகவில்லை' என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் கட்டளை தரவுத்தளத்தை அடைந்து, விண்ணப்பம் சேமிக்கப்பட்டு, விடை திரும்பும் வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். ஆகவே முடிவுகள் இரண்டல்ல, மூன்று: நடந்தது, நடக்கவில்லை, தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதை 'நடக்கவில்லை' என்று கொண்டு மறுபடி அனுப்பினால், ஒரே மாணவிக்கு இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகக்கூடும். பணம் செலுத்தும் இடமாக இருந்தால் இருமுறை பணம் போய்விடும்!

இதற்கு எளிய வழி உண்டு. அனுப்புவதற்கு முன்பே விண்ணப்பத்திற்குத் தனி எண் ஒன்றைக் கொடுத்து, அவ்வெண் ஒருமுறைதான் வரலாம் என்று தரவுத்தளத்தில் விதித்துவிட வேண்டும். விடை வராவிட்டால், அதே எண்ணுடன் மறுபடி அனுப்பலாம். முதல்முறை பதிவாகியிருக்கவில்லை என்றால் இப்போது பதிவாகும். பதிவாகியிருந்தால் 1062 வரும். அந்த எண்ணுக்குரிய விண்ணப்பத்தைப் படித்து, அது அவளுடையதே என்று உறுதிசெய்தபின் 'பதிவாகிவிட்டது' என்று துணிந்து அறிவிக்கலாம். பிழையாகத் தோன்றிய எண்ணே இங்குச் சான்றாகிவிடுகிறது.

ஆனால் மறுபடி அனுப்புவதற்கும் எல்லை வேண்டும். 1040 வந்த வேளையில் எல்லா நிரல்களும் ஓயாமல் முயன்றால் நெரிசல் மேலும் பெருகும். 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி முயன்று, பிறகு நிறுத்திவிடுவதே முறை.

சிந்தியுங்கள்

1. 1045 வந்தபோது மறுபடி மறுபடி முயல்வதால் ஏன் பயனில்லை?
2. ஒவ்வொரு முயற்சியின்போதும் விண்ணப்பத்திற்குப் புதிய எண் கொடுத்தால் என்ன ஆகும்?
3. பதிவேட்டில் 'கட்டளை அனுப்பியது' என்பதுடன் வரிகள் நின்றுவிட்டன. மூன்று முடிவுகளுள் எதை நீங்கள் அறிவிப்பீர்கள்? ஏன்?